பணவீக்கம் 0.25 சதவீதம், வளர்ச்சி 8.2 சதவீதம்: இந்தக் கணக்குல நம்ம வடசென்னை எங்க இருக்கு?

கல்மண்டபம்வாசி
எல்லாருக்கும் வணக்கம். 2025 அக்டோபர் மாசச் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம்னு அரசு அறிவிச்சது. 2012-ஐ அடிப்படை ஆண்டா வச்ச இந்தத் தொடர்லயே இதுதான் மிகக் குறைவு. நவம்பர் 28 அன்னிக்கு, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுல நாட்டோட பொருளாதார வளர்ச்சி 8.2 சதவீதம்னு வந்தது. அந்தச் சமயத்துலயே ஜிடிபி மாதிரியான நம்ம தேசியக் கணக்குகளோட தரத்துக்கு ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) 'சி' போட்டிருக்குன்னும் செய்தி வந்தது. இப்ப, 2025 டிசம்பர்ல, டாலர் 90 ரூபாயைத் தாண்டிடுச்சு.

எங்க வீட்டு நிலவரத்தைச் சொல்றேன். ரேஷன் அரிசி இலவசம். தக்காளி, வெங்காயம் போன வருஷத்தை விட மலிவு, அதை மறுக்கல. ஆனா வாடகை ஏறிடுச்சு. பையனோட ஸ்கூல் ஃபீஸ், வேன் காசு, அம்மாவோட சுகர் மாத்திரை எல்லாம் ஏறிடுச்சு. தங்கச்சி கல்யாணத்துக்கு நகை எடுக்கணும், ராயபுரம் கடைல விலைப் பலகையைப் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டோம்.

என் கேள்வி இதுதான். அரசு பொய்க் கணக்கு சொல்லுதா? இல்ல, நம்ம வாழ்க்கையை அளக்காம வேற எதையோ அளக்குதா? துறைமுகத்துல, மீன் ஏலத்துல, தையல் வேலைல இருக்கிறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. உங்க கண்ணுக்குத் தெரியுறதை எழுதுங்க. கட்சிச் சண்டை மட்டும் வேணாம்.

தண்டையார்பேட்டையான்
இதுல யோசிக்க என்ன இருக்கு? பிடிக்காத எண் வந்தா வெளியிட மாட்டாங்க. 2017-18 தொழிலாளர் கணக்கெடுப்புல வேலையின்மை 6.1 சதவீதம்னு வந்தது. 45 வருஷத்துல இல்லாத அளவு. அறிக்கையைத் தேர்தல் முடியுற வரைக்கும் நிறுத்தி வச்சாங்க. அதை எதிர்த்துத்தான் 2019 ஜனவரில தேசியப் புள்ளியியல் ஆணையத்துல இருந்து பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் ராஜினாமா பண்ணாங்க. பத்திரிகைல கசிஞ்ச பிறகுதான் ஊருக்கே தெரிஞ்சுது. அதே 2017-18-ல எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைத் 'தரம் சரியில்ல'ன்னு ஒரேயடியாக் கைவிட்டாங்க. ஒரு தடவை மறைச்சவங்க சொல்ற அடுத்த எண்ணை நான் எதை வச்சு நம்பணும்?

புள்ளியியல்மாணவி
தண்டையார்பேட்டை அண்ணா சொன்ன ரெண்டும் உண்மை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனா 0.25-ங்கிற எண்ணு வேற வகை. அதை யாரும் உக்காந்து எழுதல. அது எப்படி வந்துதுன்னு பாத்தா நம்ம வீட்டுக் கணக்கு ஏன் பொருந்தலன்னும் புரியும்.

முதல்ல காய்கறி. 2024 அக்டோபர்ல காய்கறி விலை முந்தின வருஷத்தை விட 42 சதவீதம் ஏறியிருந்தது. 2025 அக்டோபர்ல 27 சதவீதத்துக்கும் மேல இறங்குச்சு. 2023-ல நூறு ரூபாய்க்கு வாங்கின காய் 2024-ல 142 ரூபாய், 2025-ல 103 ரூபாய். ரெண்டு வருஷத்தைச் சேத்துப் பாத்தா மலிவே ஆகல. ஏறினது இறங்கியிருக்கு, அவ்வளவுதான். மொத்தக் குறியீடும் அப்படித்தான். போன வருஷம் 6.21, இந்த வருஷம் 0.25. ரெண்டையும் சேத்தா இரண்டு வருஷத்துல ஆறரை சதவீத உயர்வு. தலைப்புச் செய்தில அந்த ஆறரை வராது.

அடுத்தது எடை, அதாவது குறியீட்டுல ஒவ்வொரு செலவுக்கும் கொடுக்கிற பங்கு. இந்தக் குறியீட்டுல உணவு, பானங்களுக்கு மட்டும் 45.86 சதவீத எடை. 2011-12-ல குடும்பங்கள் எப்படிச் செலவு பண்ணாங்கங்கிறதை வச்சுப் போட்டது. 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்புல நகரக் குடும்பம் உணவுக்குச் செலவழிக்கிறது 39 சதவீதம்தான்னு வந்திருக்கு, கிராமத்துல 46. அதாவது உணவுக்கு இப்ப தேவைக்கு மேல எடை. உணவு விலை இறங்கினா மொத்தக் குறியீடும் தேவைக்கு மேல இறங்கும். ஃபீஸ், மருத்துவம், வாடகை ஏறினது அதுல அமுங்கிடும். இன்னொண்ணு, நாம கேக்குற எண்ணு கிராமத்தையும் நகரத்தையும் சேத்தது. அதே அக்டோபர்ல நகரத்துக்கு மட்டும் 0.88 சதவீதம். வாடகையும் நகரத்துக்கு மட்டும்தான் கணக்குல இருக்கு, கிராமத்துக்கு இல்ல.

2024-ஐ அடிப்படையா வச்ச புதுக் குறியீடு 2026 பிப்ரவரில வரும்னு அமைச்சகம் சொல்லியிருந்தது. அதுல உணவோட எடை குறையும். 2017-18 கணக்கெடுப்பைக் கைவிடாம இருந்திருந்தா இந்த மாற்றம் பல வருஷம் முன்னாடியே வந்திருக்கும். அண்ணாவோட கோபத்துக்கும் என் கணக்குக்கும் அந்த இடத்துல முடிச்சு இருக்கு.

கல்மண்டபம்வாசி
காய்கறிக் கணக்கைப் படிச்சதும் தெளிவாச்சும்மா. இதை எந்த டிவிலயும் இப்படிச் சொல்லல.

ராஜாஜிசாலை
நான் சுங்கத் தரகர் ஆபீஸ்ல இருக்கேன். கஸ்டம் ஹவுஸ்லதான் பொழுது போகும். விலை பத்தி மட்டும் பேசுறீங்க, ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கையும் கொஞ்சம் பாருங்க. உலகமே ஒரே சந்தை ஆனதுக்கு அப்புறம் எல்லாக் கணக்கும் அதுல வந்துதான் இடிக்குது.

இந்தக் கணக்கு கப்பல்லயோ கிரேன்லயோ ஆரம்பிக்கிறதில்ல. மண்ணடில ஒரு சந்து, மாடிப்படி ஏறினா சின்ன ஆபீஸ், அங்க ஒரு பையன் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குக் கொடுக்கிற இறக்குமதிப் படிவம்) அடிச்சிட்டிருப்பான். அங்க ஆரம்பிக்குது. பார்ட்டி அனுப்பின இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் பாத்து சரக்கு வகையைக் காட்டுற எட்டு இலக்க எச்எஸ் கோடு, எடை, அலகு, மதிப்பு, எந்த நாட்டுச் சரக்கு, எந்த நாட்டுல இருந்து வந்துதுன்னு ஒவ்வொண்ணா நிரப்புவான். கிலோன்னு போட வேண்டிய இடத்துல எண்ணிக்கைன்னு போட்டாலோ, கோடுல கடைசி ரெண்டு இலக்கம் மாறினாலோ, வரி விகிதம் ஒண்ணாவே இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆபீசரோட கண்ணு வரி மேலதான் இருக்கும், புள்ளிவிவரத்து மேல இருக்காது. அந்தப் பையன் அடிச்ச விவரம்தான் சுங்கத்துறையோட கணினித் தளமான ஐஸ்கேட்ல ஏறி, வணிகப் புள்ளிவிவரம் தொகுக்கிற, கொல்கத்தால இருக்கிற டிஜிசிஐஎஸ் அலுவலகத்துக்குப் போயி, மாசப் பாதில வணிக அமைச்சகத்தோட அறிக்கையா வெளிய வருது.

பெரிய உதாரணம் சொல்றேன். 2024 நவம்பர்ல தங்கம் இறக்குமதி 1,480 கோடி டாலர்னு அறிவிச்சாங்க. வர்த்தகப் பற்றாக்குறை வரலாறு காணாத அளவுன்னு எல்லாப் பேப்பர்லயும் வந்தது. அப்புறம் பாத்தா ஒரே தங்கம் ரெண்டு தடவை ஏறியிருக்கு. சிறப்புப் பொருளாதார மண்டலத் தரவை ஒரு கணினி அமைப்புல இருந்து ஐஸ்கேட்டுக்கு மாத்தினப்ப, கிடங்குக்குள்ள வந்ததும் இறக்குமதி, கிடங்கை விட்டு வெளிய போனதும் இறக்குமதின்னு பதிவாயிருக்கு. கடைசில 984 கோடின்னு திருத்தினாங்க. கிட்டத்தட்ட 500 கோடி டாலர் தங்கம் இல்லாமலே இருந்திருக்கு. இதுல யாரும் சதி பண்ணல. ஆனா நடுவுல அந்த எண்ணை நம்பி டாலர் வாங்கினவனுக்கும் வித்தவனுக்கும் நஷ்டம் நிஜம்தானே?

சீனா கணக்கைப் பாருங்க. 2021-ல இந்தியாவுக்கு 9,750 கோடி டாலர் சரக்கு அனுப்பினோம்னு அவங்க சுங்கத்துறை சொல்லுது. வந்ததுன்னு நம்ம கணக்கு சொல்றது 9,000 கோடிக்கும் கீழ. முறைப்படி நம்ம கணக்குதான் கூட இருக்கணும், ஏன்னா இறக்குமதி மதிப்புல கப்பல் கூலியும் காப்பீடும் சேரும், ஏற்றுமதி மதிப்புல சேராது. தலைகீழா இருக்குன்னா என்ன அர்த்தம்? ஹாங்காங், சிங்கப்பூர் வழியா சுத்தி வர்றது கொஞ்சம், மாசம் தள்ளிப் பதிவாகுறது கொஞ்சம். மீதி, வரி மிச்சம் பண்ண மதிப்பைக் குறைச்சுக் காட்டுறது. வரி அதிகமா இருக்கிற சரக்குல விலை இறங்கும். வரி கம்மியா இருந்து பணத்தை வெளியூர்ல நிறுத்தணும்னா விலை ஏறும். இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இது.

எண்ணூர்_அனல்
விலை ஏத்திக் காட்டுறதுக்கு நிலக்கரியே சாட்சி தம்பி. இந்தோனேசிய நிலக்கரியை அதிக மதிப்புல காட்டி இறக்குமதி பண்ணாங்கன்னு வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் 2016-ல நாடு முழுக்க விசாரணை நடத்துச்சு. கப்பல் இந்தோனேசியாவுல இருந்து நேரா நம்ம நாட்டுத் துறைமுகத்துக்கு வரும். இன்வாய்ஸ் மட்டும் சிங்கப்பூர், துபாய்னு சுத்தி, கைமாறக் கைமாற விலை ஏறி வரும்ங்கிறதுதான் குற்றச்சாட்டு. நாட்டோட இறக்குமதிக் கணக்கும் ஊதிப் போகும், அந்தச் செலவு கரண்ட் கட்டணத்துலயும் ஏறும்.

ரிட்டயர் ஆகுற வரைக்கும் நிலக்கரிச் சாம்பல்லயே இருந்தவன் நான். பாரதீப்ல இருந்து வர்ற ஒடிசா நிலக்கரியும் கப்பல்லதான் வரும், வெளிநாட்டு நிலக்கரியும் கப்பல்லதான் வரும். கன்வேயர்ல போகும்போது ரெண்டும் கறுப்புதான். காகிதத்துலதான் வித்தியாசம். ஆனா டன் கணக்குல அவ்வளவு ஏமாத்த முடியாது, ஏன்னா எரிச்சாகணும், யூனிட் வரணும். அதனால நான் பணக் கணக்கை விட டன், யூனிட், லிட்டர் கணக்கைத்தான் நம்புவேன்.

பெரம்பூர்_டப்ளின்
அண்ணே, நான் இருக்கிற நாட்டுலயே இதுக்குப் பெரிய பாடம் இருக்கு. 2015-ல அயர்லாந்து ஜிடிபி ஒரே வருஷத்துல சுமார் 26 சதவீதம் வளந்ததா அறிவிச்சாங்க. தெருவுல எதுவும் மாறல. சில பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை மாதிரியான சொத்துக்களை இங்க பதிவு மாத்தினதுதான் காரணம். உலகம் பூரா விக்கிற பொருளோட லாபம் இந்த நாட்டு உற்பத்தியாக் கணக்குல ஏறிடுச்சு. முறைப்படி அது சரியான கணக்கு! சர்வதேச விதி அப்படித்தான் சொல்லுது. ஆனா அதை வச்சு இங்க இருக்கிறவன் வாழ்க்கையைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது.

எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் நடந்ததுதான். இங்க இருக்கிற புள்ளியியல் அலுவலகமே முன்வந்து, இந்த எண்ணு பயன்படாதுன்னு, நிறுவனச் சொத்து விளையாட்டைக் கழிச்சிட்டு வேற ஒரு வருமான அளவை உருவாக்கி வருஷா வருஷம் வெளியிடுறாங்க.

நம்ம ஊருக்கும் இது வரும். தமிழ்நாட்டு மின்னணு ஏற்றுமதி 2024-25-ல சுமார் 1,465 கோடி டாலர். பெருமைதான், என் சொந்தக்காரப் பொண்ணுங்க ரெண்டு பேர் அந்த ஃபேக்டரிலதான் வேலை செய்றாங்க. ஆனா ஏற்றுமதிங்கிறது முழு போனோட விலை. 2009 காலத்து ஐபோனைப் பிரிச்சுப் பாத்த ஒரு ஆய்வுல, ஆலைச் செலவு 179 டாலர்ல சீனாவுல சேர்ந்த மதிப்பு ஆறரை டாலர்தான்னு வந்தது. நம்ம பங்கு எவ்வளவுன்னு ஏற்றுமதி எண்ணைப் பாத்துச் சொல்ல முடியாது. அதைத் தனியாக் கேக்கணும்.

பழையவண்ணை_தையல்
எல்லாம் படிச்சேன். கப்பல், தங்கம், போன் எல்லாத்துக்கும் ஒரு பில்லாவது இருக்கு. எனக்கு அதுவும் இல்ல.

வீட்டு மாடில பவர் மெஷின், ஒரு ஓவர்லாக் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறேன். எம்.சி. ரோடு பக்கத்துல இருக்கிற காண்ட்ராக்டர் வெட்டின துணியை மூட்டையாக் கொடுப்பாரு, பீஸ் ரேட். தைக்க மூணு பொண்ணுங்க வராங்க. நூல் வெட்டுறது, பட்டன் வைக்கிறது என் மருமகள். அவளுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. நோட்டுச் செல்லாதுன்னு சொன்னப்ப காண்ட்ராக்டர்கிட்ட கொடுக்கக் காசு இல்ல, மெஷின் நின்னுச்சு. ஜிஎஸ்டி வந்தப்ப பில் இல்லாதவங்களுக்கு ஆர்டர் குறைஞ்சுச்சு. கொரோனால மொத்தமா மூடினோம். அந்த வருஷமெல்லாம் நாடு இவ்வளவு வளந்துதுன்னு சொன்னாங்களே, அதுல நாங்க நின்னது எங்க கழிஞ்சுது? யாராவது சொல்லுங்க.

கணக்கெடுக்க ஒரு பொண்ணு டேப்லெட் எடுத்துட்டு வந்துச்சு. நல்ல பொண்ணு, தண்ணி குடுத்தேன். மாசம் எவ்வளவு வேலை வருது, எவ்வளவு கூலி, எத்தனை பேர்னு கேட்டுச்சு. கம்மியாத்தான் சொன்னேன். ஏன் சொல்ல மாட்டேன்? வீட்டு கரண்ட் கனெக்ஷனைக் கடைக் கனெக்ஷனா மாத்திட்டா என்ன பண்றது? உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் நின்னு போனா யார் கொடுப்பா? எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.

ராஜாஜிசாலை
அக்கா, இந்த இழைலயே முக்கியமான பதிவு உங்களோடதுதான்.

புள்ளியியல்மாணவி
அக்கா, உங்க முதல் கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதில்: அது கழியவே இல்ல. உங்களை மாதிரிப் பதிவு இல்லாத தொழில்களுக்கு அப்ப வருஷா வருஷம் நேரடிக் கணக்கு கிடையாது. 2015-16-ல ஒரு கணக்கெடுப்பு நடந்துச்சு. அதுல நாடு முழுக்க 6.34 கோடி தொழில்கள், 11.13 கோடி பேர். அதுக்கப்புறம் அடுத்தது 2021-22-லதான். நோட்டு மாத்தினது, ஜிஎஸ்டி, கொரோனா மூணும் அந்த இடைவெளிக்குள்ள வந்து போயிடுச்சு. அந்த நேரத்துல பழைய கணக்கெடுப்பை அடிப்படையா வச்சு, பதிவு பெற்ற கம்பெனிகள் எப்படிப் போகுதோ அதை ஒட்டியே பல இடத்துல உங்க பங்கையும் மதிப்பிட்டாங்க. பெரிய கம்பெனி உங்க ஆர்டரை எடுத்துக்கிட்டு வளந்திருந்தா, நீங்களும் வளந்ததா கணக்கு காட்டும். இப்ப இந்தக் கணக்கெடுப்பு வருஷா வருஷம் நடக்குது. 2023-24-ல 7.34 கோடி தொழில்கள்னு வந்திருக்கு. இது பெரிய முன்னேற்றம்தான்.

மருமகள் விஷயம். குடும்பத் தொழில்ல சம்பளம் இல்லாம உதவி செஞ்சாலும் அவங்க 'வேலையில் இருப்பவர்'. வாரத்துல ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செஞ்சாக்கூட, வாராந்திரக் கணக்குப்படி அந்த வாரம் வேலையில்லாதவர் பட்டியல்ல வர மாட்டாங்க. இது உலக அளவிலான வரையறை, நம்ம நாடு மட்டும் வச்சதில்ல. ஆனா பாதி வேலை, கூலியில்லா வேலை நிறைஞ்ச நம்ம தெருக்களுக்கு அந்த ஒரு எண்ணு போதாது.

8.2-ஐயும் உங்க தொழிலை வச்சே சொல்றேன். ஒரு சட்டை நூறு ரூபாய்க்கு விக்குது, துணி நூல் அறுபது, உங்க பக்கம் சேருற மதிப்பு நாப்பது. அடுத்த வருஷம் துணி விலை இறங்கி அம்பது ஆகுது, சட்டை தொண்ணூறுக்கு விக்குது. உங்களுக்கு அதே நாப்பது, அதே எண்ணிக்கை சட்டை. உண்மையான வளர்ச்சி பூஜ்யம். ஆனா சட்டை விலை பத்து சதவீதம் இறங்கிடுச்சேன்னு அந்த நாப்பதை 0.9 ஆல வகுத்தா நாப்பத்து நாலு வரும். பதினோரு சதவீத வளர்ச்சின்னு காட்டும்! துணியைத் தனியா, சட்டையைத் தனியா விலை மாற்றத்தை நீக்கிக் கணக்குப் போட்டாத்தான் இந்தத் தப்பு வராது. நம்ம தொழில் துறைக் கணக்குல ரொம்ப நாளா ஒரே விலைக் குறியீடுதான், அதுவும் பெரும்பாலும் மொத்த விலைக் குறியீடு. கச்சா எண்ணெய் மாதிரி வெளிநாட்டு விலை இறங்கினா அதுவும் இறங்கும். அக்டோபர்ல அது மைனஸ் 1.21. ஜூலை-செப்டம்பர் காலாண்டுல விலை உயர்வைக் கழிக்காத வளர்ச்சி 8.7, கழிச்ச பிறகு 8.2. நாட்டுல மொத்தமா அரை சதவீதம்தான் விலை ஏறுச்சுன்னு அர்த்தம். கல்மண்டபம் அண்ணாவோட வாடகைக்கும் இதுக்கும் உள்ள தூரம் அதுதான். ஐஎம்எஃப் 'சி' போட்டதுல இந்த விலைக் கழிப்பு முறையும் பழைய அடிப்படை ஆண்டும் முக்கியமான குறைகள். 2022-23-ஐ அடிப்படையா வச்ச புதுத் தொடர்ல இதைச் சரி பண்றதாச் சொல்லியிருந்தாங்க. அதுல பழைய வருஷங்களுக்கும் திருத்தின எண்களைக் கொடுக்கிறாங்களான்னு பாக்கணும்.

காசிமேடு_ஏலம்
மீன் கணக்கும் அப்படித்தான். எல்லா போட்டுல வர்றதையும் யாரும் எண்ண முடியாது. சில இறங்குதளங்களை, சில நாட்களைத் தேர்ந்தெடுத்து மாதிரி எடுத்து மதிப்பிடுறாங்க. நல்ல முறைதான், கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் ரொம்பக் காலமாப் பண்ணுது. ஆனா நடுராத்திரி ஏலத்துல கூடையோட கைமாறுற விலை எந்தக் கணக்குலயும் முழுசா வராது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா இந்தியச் சரக்கு மேல வரியை 50 சதவீதமா ஏத்தினதும் இறால் விலை இறங்குச்சு, உரிக்கிற பொம்பளைங்களுக்கு வேலை குறைஞ்சுச்சு. ஏற்றுமதி குறைஞ்சது டாலர்ல தெரியும். உரிக்கிறவங்க வேலை போனது எதுல தெரியும்?

தண்டையார்பேட்டையான்
இவ்வளவு விளக்கத்துக்குப் பிறகும் என் கேள்வி அப்படியே நிக்குது. முறை எவ்வளவு நல்லா இருந்தாலும், மேல இருக்கிறவங்களுக்குப் பிடிக்கலன்னா? அமெரிக்காவுலயே 2025 ஆகஸ்ட் 1 அன்னிக்கு வேலைவாய்ப்பு எண்ணைக் கீழ திருத்தினாங்கன்னு தொழிலாளர் புள்ளியியல் தலைவர் எரிகா மெக்என்டார்ஃபரை ட்ரம்ப் அன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கினாரு.

புள்ளியியல்மாணவி
ஆமா அண்ணா. ஆனா முந்தின ரெண்டு மாசத்துக்கும் சேத்து 2,58,000 வேலைகளைக் குறைச்சுத் திருத்தினதை அவங்க மறைக்காம வெளியிட்டாங்க, அதனாலதான் கோபமே வந்துச்சு. திருத்தம் வர்ற கணக்கைத்தான் நான் நம்புவேன். நாம கேக்க வேண்டியது, எண்ணு நல்லதோ கெட்டதோ முன்கூட்டி அறிவிச்ச தேதில வரணும், அடிப்படைத் தரவு எல்லாருக்கும் கிடைக்கணும், புள்ளியியல் ஆணையத்துக்குச் சட்டப்படியான பலம் இருக்கணும். மத்தபடி நீங்க சொல்ற 2019-ஐ மறக்கச் சொல்லல.

எண்ணூர்_அனல்
இன்னொண்ணு. எல்லாக் கணக்கெடுப்புக்கும் அடியில மக்கள்தொகை எண்ணு இருக்கு. அது 2011-ஓட நிக்குது. அப்ப சென்னைன்னா சுமார் 46 லட்சம் பேர். திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம், மாதவரம் எல்லாம் மாநகராட்சில சேர்ந்ததே அந்த வருஷக் கணக்கெடுப்பு முடிஞ்ச பிறகுதான். நாங்க அந்தக் கணக்குல திருவள்ளூர் மாவட்டம். அதுக்கப்புறம் இங்க இருந்து எத்தனை குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிட்டாங்க, ஒடிசா, பீகார்ல இருந்து எத்தனை பேர் மணலிக்கு வந்திருக்காங்க! அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச். அதுக்கு முன்னாடி 2026-ல வீட்டுக் கணக்கெடுப்பு நடக்கும். அப்பவாவது நம்ம தெருவுல ஒரு வீடும் விடுபடக் கூடாது.

ராஜாஜிசாலை
தையல் அக்காவுக்கு ஒரு தகவல். மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் 1948-படி நீங்க சொன்ன விவரத்தை வேற யாரும் வாங்கிப் பாக்க முடியாது, கோர்ட்டுல சாட்சியமாவும் வைக்க முடியாது. தொழில் கணக்கெடுப்புக்கு 2008-ல வந்த புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்துலயும் ரகசியப் பாதுகாப்பு இருக்கு. கரண்ட் ஆபீசுக்கோ உரிமைத் தொகைக்கோ அது போகக் கூடாது.

பழையவண்ணை_தையல்
சட்டத்துல இருக்கலாம் தம்பி. அந்தப் பொண்ணு என்கிட்ட அதைச் சொல்லலையே. கையில தமிழ்ல ஒரு காகிதம் இருந்து, "நீங்க சொல்றது கரண்ட் ஆபீசுக்குப் போகாது, ரேஷனுக்குப் போகாது"ன்னு அரசு கையெழுத்தோட இருந்திருந்தா, நான் மூட்டைக் கணக்கை எடுத்துக் காட்டியிருப்பேன். எல்லாம் நோட்டுல எழுதித்தான் வச்சிருக்கேன்.

கல்மண்டபம்வாசி
அக்கா, அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துல இதை மனுவா வைக்கிறேன். கணக்கெடுக்க வர்றவங்க சட்டத்தை எளிய தமிழ்ல அச்சடிச்சு வீட்டுக்கு வீடு கொடுக்கணும், ஒரு வாரம் முன்னாடியே ரேஷன் கடைலயும் ஒட்டணும்னு. மாணவி, சட்டத்துல அந்த வாசகம் எந்தப் பிரிவுல இருக்குன்னு எழுதிக் கொடும்மா. தண்டையார்பேட்டை அண்ணே, கையெழுத்து வாங்க நீங்களும் வாங்க.

தண்டையார்பேட்டையான்
வரேன். 2019-ல நடந்ததையும் மனுல ஒரு பத்தி சேருங்க.